நாலாவது டம்ளர்

அது மிளகு அரைக்கிறது இல்லைம்மா. எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் இதைப் பார்த்துட்டு பூஜை சாமானான்னு கேட்டாரு. இது காபிக் கொட்டை அரைக்கிற மில்லு. கையால சுத்துறது. நூத்தி இருபது சுத்து சுத்தினா மூணு பேருக்குத் தூள் ரெடி. எண்ணிப் பார்த்திருக்கேன். கொஞ்சம் காலை அந்தப் பக்கம் நகர்த்திக்க. பைக்குள்ள பித்தளை ஃபில்டர் இருக்கு, வளைவுல உருண்டா உன் கால்லதான் வந்து விழும்.

நீயும் டென்ட்ல தங்குற ஆளுதானே? அந்த முதுகுப் பையைப் பார்த்தே தெரிஞ்சுது. காபி எப்படிப் போடுவ? பாக்கெட்டைக் கிழிச்சு சுடுதண்ணியில கொட்டுறதா? அய்யோ, அதுக்கு நீ சும்மாவே இருக்கலாம். சிரிக்காத. அவ்வளவு தூரம் ஏறி, அவ்வளவு குளிர்ல உக்காந்து, அந்தத் தண்ணியையா குடிப்பாங்க? வத்தலக்குண்டுலதானே இறங்குற? இன்னும் நேரம் இருக்கு. நான் சொல்றதைக் கேட்டுக்க, அடுத்த தடவை உதவும். எனக்கு இனிமே உதவாது.

நான் கெமிஸ்ட்ரி டீச்சர். ரிட்டையர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. முப்பத்தோரு வருஷம் திண்டுக்கல்ல ஒரே ஸ்கூல். அதனால எதையும் டெஸ்ட் பண்ணாம வாங்க மாட்டேன். இந்தச் சாமானெல்லாம் சேர்க்க மூணு மாசம் ஆச்சு எனக்கு.

காபின்னா எல்லாரும் முதல்ல ஃபில்டரைத்தான் பார்ப்பாங்க. தப்பு. முதல்ல அடுப்பு. நான் என்ன பண்ணினேன், லேப்ல இருக்குற ஸ்பிரிட் விளக்கு போதும்னு நினைச்சேன். மொட்டை மாடியில வச்சுப் பார்த்தா, சின்னக் காத்துக்கே அணைஞ்சு போச்சு. தண்ணி கொதிக்கிறதுக்குள்ள எனக்குக் கொதிச்சிடுச்சு. அப்புறம்தான் மதுரையில மலையேறுறவங்களுக்குச் சாமான் விக்கிற ஒரு கடைக்குப் போனேன். சின்ன கேஸ் கேன், அது மேல திருகுற அடுப்பு, மடிச்சா உள்ளங்கையில அடங்கிடும். கடைக்காரர் ஒரு கேனை எடுத்துக் குடுத்தாரு. இதுல என்ன கேஸ்னு கேட்டேன். முழிக்கிறாரு. வெறும் பியூட்டேன்னா நல்ல குளிர்ல ஆவியாகாதுப்பா, புரோபேன் கலந்தது எடுன்னு சொன்னேன். "நீங்க இமயமலைக்காம்மா போறீங்க?"ன்னாரு. இல்ல தம்பி, மன்னவனூருக்குன்னு சொன்னேன்.

மன்னவனூர் பார்த்திருக்கியா? கொடைக்கானலுக்கும் மேல, பூம்பாறை தாண்டிப் போகணும். அங்கதான் என் மகன் இருக்கான். நந்தகோபால். டென்ட் போட்டு ஆளுங்களைத் தங்க வைக்கிறான். பதினோரு டென்ட். ஒரே பையன்மா எனக்கு. அவங்க அப்பா போனப்ப காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிச்சுக்கிட்டு இருந்தான். அதுக்கப்புறம் வீட்டுல நானும் அவனும்தான். காலையில அஞ்சரைக்கு நான் டிகாஷன் இறக்குவேன், அவன் பல்லு விளக்கிட்டு வந்து அடுப்பு மேடையில ஏறி உக்காந்துக்குவான். அவ்வளவு பெரிய பையன், மேடையில. பேச மாட்டான். முதல் வாய் குடிச்சப்புறம்தான் பேச்சே வரும். "அம்மா"ம்பான். அந்த ஒரு அம்மாவுக்காகத்தான் நான் எந்திரிக்கிறதே.

அவன் அஞ்சு வருஷமா என்கிட்ட பேசலை.

சொல்றேன் இரு. ஃபில்டரைச் சொல்லி முடிச்சிடறேன். எவர்சில்வர் வாங்காத. பளபளன்னு இருக்கும், ஆனா மெல்லிசு, குளிர்ல சட்டுன்னு ஆறிடும். ஆறினா டிகாஷன் சொட்டாது, அப்படியே முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். பித்தளை கனம், சூட்டைப் பிடிச்சு வைக்கும். நான் ரெண்டையும் ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுப் பார்த்தேன். நிஜமாத்தான். அங்க இருக்குற குளிரு திண்டுக்கல்ல ஏது? ஃபில்டர்ல தூளைப் போட்டு, சுடுதண்ணி ஊத்தி, ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டு, வாட்சைப் பார்த்துக்கிட்டு நின்னேன். பித்தளைதான் ஜெயிச்சுது. அதுக்கு ஒரு கம்பளிச் சட்டை வேற பின்னினேன். இதோ பாரு. நீலக் கலர். நந்தாவோட பழைய ஸ்வெட்டரைப் பிரிச்சு எடுத்த நூல்.

இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்க. அங்க தண்ணி நூறு டிகிரிக்குப் போகாது. தொண்ணூத்தி மூணு, தொண்ணூத்தி நாலுலயே கொதிச்சிடும். அதனால தூளைக் கொஞ்சம் நைசா அரைச்சுக்கணும், ஃபில்டரை முதல்ல வெந்நீர் ஊத்திச் சூடு பண்ணிக்கணும். பாலுக்கு அட்டைப் பெட்டிப் பால் எடுத்துக்க. பவுடர் வேண்டாம். நந்தாவுக்குப் பவுடர் வாசனையே ஆகாது.

ஏன் பேசலைன்னு கேக்குற. கேட்டுத்தான் ஆவ. முகத்துலயே தெரியுது.

ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டான். சுகிர்தான்னு பேரு. வேற யாரும் இல்லைம்மா, என்கிட்ட படிச்ச பிள்ளை. பிளஸ் டூவுல கெமிஸ்ட்ரியில இருநூத்துக்கு இருநூறு. என் சர்வீஸ்லயே மூணு பேருதான் அந்த மார்க் வாங்கினாங்க, அதுல அது ஒண்ணு. லேப்ல பியூரெட்டை எப்படிப் பிடிக்கணும்னு அது கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தது நான்தான். ஸ்கூல்ல நான் யார் வீட்டுப் பிள்ளைன்னு பார்த்ததே கிடையாது, யாரை வேணா கேளு. எத்தனை பேருக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டியிருக்கேன். அது வேற. வீடுன்னு ஒண்ணு இருக்குல்ல? அவங்க எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை, உனக்கே புரிஞ்சிருக்கும். ட்யூஷனுக்கு வரும். கார் ஷெட்டுலதான் எல்லாப் பிள்ளைகளையும் உக்கார வைப்பேன், அதை மட்டும் இல்லை. இவன் அங்கதான் பார்த்திருக்கான். எனக்குத் தெரியவே தெரியாது. என் வீட்டு ஷெட்டுல, என் போர்டுக்கு முன்னாடி.

ரிஜிஸ்டர் பண்ணிட்டு நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தான். முந்தின நாளே ஃபோன்ல சொல்லிட்டான், நாளைக்கு வர்றோம்னு. மத்தவங்க மாதிரி நான் கதவைச் சாத்தலை. ஒரு சத்தம் போடலை. விஷத்தைக் குடிப்பேன்னு மிரட்டலை. எங்க தெருவுல அதெல்லாம் நடந்திருக்கு. நான் என்ன பண்ணினேன்? உக்கார வச்சேன், காபி போட்டேன். எனக்கும் அவனுக்கும் டவரா டம்ளர்ல. அதுக்குப் பேப்பர் கப்புல. கடைக்குப் போய்ப் புதுசா வாங்கிட்டு வந்த கப்பு, கவரைப் பிரிச்சு முதல் கப்பு. யாரும் வாய் வைக்காத கப்பு. ரயில்ல போனா எல்லாரும் அதுலதானே குடிக்கிறோம்? கல்யாண வீட்டுல குடிக்கலையா? அதுல என்ன குத்தம், நீ சொல்லு.

அந்தப் பிள்ளை கையை நீட்டி வாங்குச்சு. தேங்க்ஸ் டீச்சர்னுச்சு. அவன் பார்த்தான். தன்னோட டம்ளரைக் கீழ வச்சான். அது கையில இருந்த பேப்பர் கப்பை வாங்கி, பாதியைக் குடிச்சு, மீதியை அதுகிட்ட குடுத்தான். அது மீதியைக் குடிச்சுச்சு. ரெண்டு பேரும் எந்திரிச்சாங்க. "வர்றோம்மா"ன்னான். அவ்வளவுதான். அஞ்சு வருஷம். ஃபோன் போட்டா எடுக்க மாட்டான். அவனோட டம்ளர்ல காபி அப்படியே ஆடை கட்டிப் போச்சு.

நானும் வீம்புக்காரிதான். ஒரு வருஷம் நானும் பேசலை. அப்புறம் வீம்பெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு மூணு ஸ்பூன் தூள் போட்டுட்டு, ரெண்டு ஸ்பூனைத் திரும்ப டப்பாவுல போடுவேன். ஒரு ஆளுக்குக் காபி போடுறது மாதிரி அழுகை வர்ற வேலை எதுவும் இல்லைம்மா. வாய் விட்டு அழுதிருக்கேன், அடுப்பு முன்னாடி நின்னு.

மாடியில குடியிருக்குற பொண்ணுதான் ஒருநாள் ஃபோன்ல காட்டுச்சு. டீச்சர், இது நம்ம நந்தா அண்ணன்தானேன்னுச்சு. அவன் டென்ட்ல தங்கிட்டுப் போனவங்க எழுதியிருக்காங்க. இடம் பிரமாதம், குளிர் பிரமாதம், சுகிர்தா அக்கா சமையல் பிரமாதம், காபி மட்டும் சுமார்னு. ஒருத்தர் இல்லை, நாலஞ்சு பேரு எழுதியிருக்காங்க. காபி மட்டும் சுமார். பார்த்தியா, என் பிள்ளைக்கு அங்க ஒரு நல்ல காபி இல்லை. அஞ்சு வருஷமா நாக்கு செத்துப் போய் உக்காந்திருக்கான். அதுக்குக் காபி போடத் தெரியாது, அவங்க வீட்டுல டீதான். அன்னைக்கு முடிவு பண்ணினேன். என் வீட்டுக்கு வர மாட்டேங்குற, உன் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேங்குற. டென்ட் யாரு வேணா எடுக்கலாம்ல? என் முழுப்பேரு மங்கையர்க்கரசி. வெறும் அரசின்னு போட்டு, ஒரு ஆளுக்கு ஒரு டென்ட் பதிஞ்சேன். நான் பாட்டுக்குப் போறேன், காலையில டென்ட் வாசல்ல உக்காந்து காபி போடுறேன். வாசனை போகும்ல. வாசனையை யாரு தடுப்பா?

டம்ளர்தான் கடைசியா வாங்கினது. பேப்பர் கப்பு இந்தத் தடவை கூடாதுன்னு எனக்கே தெரியும். நான் என்ன முட்டாளா? பட்டது போதும். மதுரைக் கடையிலயே டென்ட்டுக்குன்னு டம்ளர் வச்சிருந்தாங்க. எங்க ரெண்டு பேருக்கும் சாதா எவர்சில்வர், ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்குறது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் இருக்குறதுலயே உசத்தியா எடுத்தேன். ரெட்டைச் சுவர், மூடி போட்டது, சூடு ஆறாது. ரெண்டு டம்ளர் விலையை விட அது ஒண்ணு விலை அதிகம். செவப்புக் கலர்ல பார்த்து வாங்கினேன். ஏன்னா மத்த ரெண்டோட கலந்துடக் கூடாது பாரு. கழுவி வைக்கிறப்ப மாறிடும். செவப்புன்னா அடையாளம் தெரியும்.

ஏன் அப்படிப் பாக்குற? நல்ல டம்ளர்மா. பிடிச்சுப் பாரு. கனத்தைப் பாரு.

நேத்து மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஒரு மேஜை போட்டு, நோட்டு வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைதான் உக்காந்திருந்துச்சு. நிமிர்ந்து பார்த்துச்சு. கிளாஸ்ல எந்திரிக்கிற மாதிரி சட்டுன்னு எந்திரிச்சு நின்னுச்சு. "டீச்சர்"னுச்சு. அப்புறம், உள்ள வாங்க டீச்சர், வீட்டுல தங்கலாம், டென்ட்ல குளிரும்னுச்சு. இல்லைம்மா, டென்ட்தானே பதிஞ்சிருக்கேன்னு சொல்லிட்டேன். சொம்புல தண்ணி கொண்டு வந்துச்சு. பாட்டில் வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன். அதைச் சிரமப்படுத்த வேண்டாமேன்னுதான். அது கொஞ்ச நேரம் சொம்போட நின்னுச்சு. அவர் கொடைக்கானலுக்குப் போயிருக்கார், சாயங்காலம் வந்துடுவார்னுச்சு.

சாயங்காலம் வந்தான். தோள்ல ஏதோ போர்வையைச் சுருட்டிப் போட்டிருந்தான். தூரத்துல நின்னு என் டென்ட்டைப் பார்த்தான். இளைச்சிருக்கான்மா. தாடி வேற. உள்ள போய் அந்தப் போர்வையை வச்சுட்டு வந்து, பத்தடி தள்ளி நின்னு, "கம்பளி போதுமா?"ன்னான். போதும்ப்பான்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டான். அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் ரெண்டு வார்த்தை. எனக்கு அதுவே போதும் போல இருந்துச்சு. நல்லாத் தூங்கினேன்.

காலையில ஆறு மணிக்கு அடுப்பை வச்சேன். நெய் டின்னை வெட்டி, காத்துக்கு மறைப்பு செஞ்சு கொண்டு போயிருந்தேன், அதை நிறுத்தினேன். ஃபில்டரைச் சூடு பண்ணினேன். நூத்தி இருபது சுத்து. தூளைப் போட்டு ரெண்டு தட்டுத் தட்டினேன். தண்ணியை வட்டமா ஊத்தி, கம்பளிச் சட்டையைப் போட்டு மூடினேன். எல்லாம் வீட்டுல பண்ணின மாதிரியே அமைஞ்சுது. பாலைப் பொங்க விட்டேன். அந்தக் குளிர்ல, அந்தப் பனியில, டிகாஷன் வாசனை எப்படிப் போகும்னு உனக்குத் தெரியாது. பக்கத்து டென்ட்ல ரெண்டு பேரு ஜிப்பைத் திறந்து தலையை நீட்டினாங்க. அவங்க எனக்கு எதுக்கு?

வந்தான்மா. வெறும் கால்ல வந்தான். அந்தப் பனிப் புல்லுல வெறும் கால்ல. வந்து என் முன்னாடி ஒரு கல்லு மேல ஏறி உக்காந்தான், அடுப்பு மேடையில உக்காருற மாதிரி. அது பின்னாடியே வந்து நின்னுச்சு. உக்காரும்மான்னேன். நானேதான் சொன்னேன். உக்காந்துச்சு. அவனுக்கு எவர்சில்வர் டம்ளர்ல ஆத்திக் குடுத்தேன். அதுக்குச் செவப்புல ஊத்திக் குடுத்தேன். "எனக்குன்னு தனியா வாங்கினீங்களா டீச்சர்?"னுச்சு. ஆமாம்மா, இருக்குறதுலயே நல்லதுன்னு சொன்னேன். அது சிரிச்சுச்சு. குடிக்கலை, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு. அவன் செவப்பு டம்ளரையே பார்த்தான். என்னமோ சொல்ல வந்தான். அது அவன் முழங்காலைத் தொட்டுச்சு. பேசாம ஒரு வாய் குடிச்சான்.

கண்ணை மூடிக்கிட்டான். "அம்மா"ன்னான்.

அந்த நிமிஷத்தோட நான் செத்துப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும். நிஜமாச் சொல்றேன். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம் எனக்கு.

அப்பதான் அந்தக் குழந்தை வந்துச்சு. குல்லா போட்டுக்கிட்டு, ஒரு கண்ணைக் கசக்கிக்கிட்டு. நாலு வயசு இருக்கும். போர்வைன்னு நினைச்சேனே, அதுக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்தது இதுதான். எனக்கு யாருமே சொல்லலைம்மா. பேத்தி இருக்குன்னு யாருமே எனக்குச் சொல்லலை. நந்தா முகம் அப்படியே. அந்தப் புருவம், அது எங்க அப்பாவோட புருவம். நேரா என்கிட்ட வந்துச்சு. அங்க தினமும் யாராவது வந்து தங்குறாங்கல்ல, அதுக்குப் புது ஆளுன்னு பயமே கிடையாது. "எனக்கு?"ன்னு கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே என் கையில இருந்த டம்ளரைப் பிடிக்க வந்துச்சு.

என் கை பின்னாடி போச்சு.

நான் ஒண்ணும் நினைக்கலை. தானாப் போச்சு. சூடா இருக்கும்ல, குழந்தை கை சுட்டுடும்னுதான். டம்ளர் காலியாத்தான் இருந்துச்சு, எனக்கு நான் இன்னும் ஊத்திக்கலை. இருந்தாலும் அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருந்த டம்ளர். சூடு இருக்கும். இருந்திருக்கும்.

குழந்தை கையை நீட்டினபடியே நின்னுச்சு. அதுக்கு ஒண்ணும் புரியலை. நந்தா பார்த்துக்கிட்டே இருந்தான். அவன் டம்ளரைக் கீழ வச்சான். ரொம்ப மெதுவாக் கேட்டான், "அம்மா, பாப்பாவுக்கு எதுல ஊத்துவ?"

மூணு டம்ளர்தான் இருக்கு. ஒண்ணு அவனுது, ஒண்ணு அதுது, ஒண்ணு என்னுது. நான் யோசிச்சேன். ஒரு நிமிஷம்கூட இல்லைம்மா. பால் கிண்ணத்துலயே குடுக்கலாமா, மூடியில ஊத்திக் குடுக்கலாமான்னு. ஒரு மூச்சு விடுற நேரம்தான் இருக்கும். அதுக்குள்ள அந்தப் பிள்ளை, "பாப்பா, இங்க வா, அம்மாதுல குடி"ன்னு செவப்பு டம்ளரை நீட்டுச்சு. குழந்தை அந்தக் கலரைப் பார்த்துச் சந்தோஷமாப் போச்சு. அது குடிக்கப் போச்சு, நந்தா அந்த டம்ளரைப் பிடிச்சுட்டான். கோபப்படலை. குழந்தையைத் தூக்கிக்கிட்டான். "நாம வீட்டுல பால் குடிக்கலாம் வா"ன்னு கூட்டிட்டுப் போயிட்டான்.

திரும்பி வந்து என் சாமானையெல்லாம் அவனே கழுவினான். மூணு டம்ளரையும் ஒரே வாளியில போட்டுக் கழுவி, துடைச்சு, பையில அடுக்கினான். நான், என்னடா பண்ணினேன் நானுன்னு கேட்டேன். நிஜமாத்தான் கேட்டேன். அப்பதான் பேசினான். "சுகிர்தா தாங்கிக்குவாம்மா. அவ எல்லாத்தையும் பார்த்து வளர்ந்தவ. நேத்து உன்னைப் பார்த்ததுல இருந்து, அம்மா மாறியிருப்பாங்கன்னு என்கிட்ட சண்டை போட்டதே அவதான். ஆனா பாப்பாவுக்கு நாலு வயசு. அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. இப்பத் தெரிய வேண்டாம். உன்கிட்ட இருந்து தெரிய வேண்டாம்"னான். அப்படிச் சொல்றப்ப அவன் குரல் உடைஞ்சு போச்சு. அவங்க அப்பா செத்தப்பகூட என் முன்னாடி அழாத பையன்.

பையை அவனேதான் தூக்கிட்டு வந்தான் பஸ் ஸ்டாப்புக்கு. கொடைக்கானல் பஸ்ல ஜன்னல் சீட்டாப் பார்த்து உக்கார வச்சான். அம்மாவைப் பார்த்து இறக்கி விடுங்கன்னு கண்டக்டர்கிட்ட சொன்னான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கலை. குழந்தை வேலிக்குப் பக்கத்துல நின்னு கையாட்டுச்சு. அங்க வந்துட்டுப் போறவங்க எல்லாருக்கும் சொல்லுமாம் அது. எனக்கும் சொல்லுச்சு. "டாட்டா ஆன்ட்டி, மறுபடி வாங்க."

நாலு வாங்கியிருக்கணும்மா. அதுதான் நான் பண்ணின தப்பு. அடுப்பு, ஃபில்டர், தூள், பால், எதுலயும் ஒரு குறை கிடையாது. டம்ளர் எண்ணிக்கையிலதான் கோட்டை விட்டுட்டேன். கடையில இருந்துச்சு, நாலா எடுத்துக்கங்கன்னு அவர் சொல்லத்தான் செஞ்சாரு. மூணு பேருதானேன்னு நான்தான் வேண்டாம்னேன். நாலாவதா ஒண்ணு கையில இருந்திருந்தா, குழந்தை கேட்ட உடனே அதுல ஊத்திக் குடுத்திருப்பேன். பிரச்சினையே வந்திருக்காது. நீ வாங்குறப்ப எப்பவும் ஒண்ணு கூடுதலா வாங்கிக்க.

என்ன கேட்ட? சத்தமாச் சொல்லு, இந்த டிரைவர் ஹாரன்ல இருந்து கையை எடுக்க மாட்டேங்குறான்.

நாலாவது எந்தக் கலர்ல வாங்கியிருப்பேன்னா?

என்னம்மா கேள்வி இது? கலர்ல என்ன இருக்கு? கடையில என்ன இருந்துச்சோ அது. எவர்சில்வர் இருந்துச்சு. செவப்பும் இன்னொண்ணு இருந்துச்சு.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திற. காத்து வரட்டும்.

நல்லாக் கேக்குற நீ. முப்பத்தோரு வருஷம் நான் கேள்வி கேட்டேன், பிள்ளைங்க நின்னாங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, சும்மா நிக்காதீங்கன்னு அதட்டுவேன். எனக்குத் தெரியாம இல்லைம்மா. தெரியுது. நீ கேட்ட உடனேயே தெரிஞ்சுடுச்சு. சொல்லத்தான் வாய் வரலை. அவனும் அதைத்தான் கேட்டிருக்கான், எதுல ஊத்துவன்னு. அவனுக்கும் பதில் தெரிஞ்சுதான் கேட்டிருக்கான்.

இல்லை, தண்ணி வேண்டாம். சரி, குடு. உன் பாட்டில்தானே, குடு. வாய் வச்சே குடிச்சுக்கிறேன்.

ஒண்ணு சொல்லட்டா? பாப்பா, பாப்பான்னே கூப்பிட்டாங்க ரெண்டு பேரும். நான் பேரு கேக்கலை. என் பேத்தியை முதல் தடவையாப் பாக்குறேன், எதுல ஊத்தலாம்னு யோசிச்சேனே தவிர, உன் பேரு என்ன கண்ணுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலை எனக்கு. பூம்பாறை தாண்டினப்புறம்தான் நினைப்பு வந்துச்சு. யார் பேரை வச்சிருப்பாங்க? எங்க வீட்டுப் பேரா, அவங்க வீட்டுப் பேரா? எந்தப் பேரா இருந்தாலும் சரி. எனக்குத் தெரியாதேம்மா. எந்தப் பேரைச் சொல்லி நான் அழுறது?

நந்தா ஃபோனை எடுக்க மாட்டான். டென்ட் பதியுற நம்பர் என்கிட்ட இருக்கு. அதுல அடிச்சா அந்தப் பிள்ளைதான் எடுக்கும். சுகிர்தாதான் எடுப்பா. டீச்சர்னுதான் பேசுவா, வேற மாதிரி பேச அவளுக்குத் தெரியாது. அவகிட்ட நான் எப்படிக் கேப்பேன்? மூணு தடவை ஃபோனை எடுத்து எடுத்து வச்சுட்டேன்.

வத்தலக்குண்டு வர்றதுக்குள்ள ஒரு உதவி பண்ணும்மா. உன் ஃபோன்ல இருந்து அடி. டென்ட் எடுக்கணும், எத்தனை பேரு தங்கலாம்னு ஏதாவது கேளு. கேட்டுட்டு, அங்க ஒரு குட்டிப் பாப்பா இருக்குமாமே, அது பேரு என்னன்னு கேளு. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லிடாத. சும்மா கேக்குற மாதிரி கேளு. நம்பர் சொல்றேன், போடு.